ஊமைக் குழல்

புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது என்று விதித்த புண்ணியவான் நிச்சயமாக விசைத்தறி வைத்திருக்கவில்லை. நாலு தறி ஒரே நேரத்தில் ஓடுகிற கொட்டகையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஆளை, பேர் சொல்லாமல், கிட்டே போகாமல், 'என்னாங்க' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். கிட்டே போனால் ஓடுகிற பெல்ட்டு புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளும். கல்யாணமாகி வந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் இதுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருத்தணியில் பொதட்டூர்பேட்டைக்குப் பஸ் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் தெரு. வீட்டுக்கு வீடு தறி. எங்கள் வீட்டில் மாமியார், கணவர், கணவரின் அண்ணன். அண்ணனை நான் பாவா என்று கூப்பிட வேண்டும். அவர் நூல் வாங்குவதும் லுங்கியை விற்பதுமாக வெளியே சுற்றுவார். கொட்டகை முழுக்க என் கணவர் பொறுப்பு. காலையில் கரண்டு வந்ததும் உள்ளே போவார், கரண்டு போனதும் வெளியே வருவார். எங்கள் தெருவில் கரண்டு போகிற நேரத்தில்தான் குடும்பம் நடக்கும். சண்டை, சமாதானம், கொஞ்சல், கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் மின்சார வாரியம்தான் நேரம் குறித்துக் கொடுக்கும்.

நான் அரக்கோணத்துப் பெண். எங்கள் நைனா கூட்ஸ் வண்டியில் கார்டு. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருத்தர் பேசினால் ஒருத்தருக்குக் கேட்கும் என்பது எனக்குப் பழக்கம். எனக்குக் குரல் மெல்லிசு. பெண் பார்க்க வந்தபோது பாடச் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு பாடினேன். மாப்பிள்ளை ரசித்துத் தலையாட்டினார். நான் பாடி முடித்து, காபித் தட்டு எடுக்க எழுந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு சங்கீத ஞானம் பாருங்கள் என்று எங்கள் அம்மா பூரித்துப் போனாள். வண்டி ஏற்றி அனுப்பும்போது அவள் சொன்ன புத்திமதி இரண்டு. மாமியார் எதிரில் புருஷனோடு முகத்துக்கு நேராக நின்று பேசாதே. பேசுகிறதைக் கதவுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பேசு. நான் நல்ல பெண்ணாயிற்றே, இரண்டையும் ஒரு எழுத்து விடாமல் செய்தேன்.

பலன் என்னவென்றால், இரண்டு வருஷத்தில் நான் கூப்பிட்டு அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கொட்டகை வாசலில் நின்று 'என்னாங்க' என்பேன். தறி 'டடக் டடக்' என்று எனக்குப் பதில் சொல்லும். டம்ளரைத் தட்டிப் பார்த்தேன். காலி நூல் கட்டையைத் தூக்கி எறிந்து பார்த்தேன். ஒரு தடவை முதுகில் பட்டது, கூரையைப் பார்த்தார், பல்லி விழுந்தது என்று நினைத்திருப்பார். அப்புறம் மாமியார் வருவாள். அவளுக்கு ஆம்பிளைக் குரல், வயிற்றுக்குள்ளிருந்து வரும். "டேய்" என்று ஒரே ஒரு தடவைதான். அவர் திரும்பிவிடுவார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை, மருமகளாக இருந்த எல்லோருக்கும் தெரியும்.

தறிச் சத்தம்தான் காரணம் என்று என்னைச் சமாதானம் செய்துகொள்ளலாமா என்றால், கரண்டு போன நேரத்திலும் இதே கதைதான். முற்றத்தில் உட்கார்ந்து கையில் ஒட்டின எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருப்பார். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் ஏதாவது சொல்வேன். "ஆங்" என்பார். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்பேன், ஆங். உங்கள் அம்மா என்னைத் திட்டினாள் என்பேன், ஆங். டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் போடலாமா என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்துக் கேட்டேன். அதற்கும் ஆங். சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. விண்ணப்பம் வாங்கி வருவார் என்று தேதி முடிகிற வரைக்கும் வாசலைப் பார்த்தேன். விண்ணப்பமும் வரவில்லை, மண்ணெண்ணெயும் வரவில்லை.

பொங்கலுக்கு அரக்கோணம் போனபோது நைனாவின் பழைய விசில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு காலத்தில் அறுபது பெட்டி நீளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற என்ஜின் டிரைவருக்கே கேட்ட விசில். கொட்டகை வாசலில் நின்று, கன்னம் உப்ப ஊதினேன். எதிர் வீட்டுக்காரி ஓடி வந்தாள். தெருவில் போன சைக்கிள்காரன் காலை ஊன்றி இறங்கினான். மாமியார் பூஜையைப் பாதியில் விட்டு வந்து, "இன்னாடி இது, வூடா, டேசனா?" என்றாள். என் கணவர் மட்டும் அறுந்த இழையை நிதானமாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். தெருவுக்கே கேட்டது, பத்தடி தூரத்தில் நின்ற புருஷனுக்குக் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? நான் ஒரு பொருட்டே இல்லை என்று அர்த்தம். அம்மா கூப்பிட்டால் திரும்பத் தெரிகிறவருக்குப் பெண்டாட்டி கூப்பிட்டால் திரும்பக் கழுத்து வரவில்லை என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் புரிந்தது, அதற்கு நான் வெட்கப்படவும் இல்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் கரண்டு போனது. மாமியார் வீட்டில் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று, "ஆடிக் கிருத்திகை முடிஞ்சதும் நான் எங்க நைனா வூட்டுக்குப் போயிடறேங்க. திரும்பி வரல" என்று சொன்னேன். பதறி எழுந்து வருவார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"ஆங்" என்றார். என் பக்கம் திரும்பாமலேயே, தலையை வேறு ஆட்டினார்.

அன்றைக்கே டிரங்குப் பெட்டியில் துணிகளை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். கிருத்திகை வரைக்கும் காத்திருந்ததற்குக் காரணம் மாமியாரின் வேண்டுதல். காவடி எடுக்கிற வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டும். புருஷனை விட்டுப் போகிறவள்கூட மாவிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், எங்கள் பக்கத்து மரியாதை அப்படி.

கிருத்திகையன்று ஊர் ஊராக இருக்காது. ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குகிற கூட்டம், மஞ்சள் துணி, பூக்காவடி, அரோகரா. இந்தப் பக்கத்துத் தமிழும் அந்தப் பக்கத்துத் தெலுங்கும் படிக்குப் படி இடித்துக்கொண்டு ஏறும். தரிசனம் முடிந்து கீழே இறங்கும்போது மாமியாருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து வருகிறேன், நீங்கள் போய் அடிவாரத்தில் நில்லுங்கள் என்றாள். இப்படியாகக் கல்யாணமான இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நானும் அவரும் தனியாகக் கடைத்தெருவில் நடந்தோம். பத்தாயிரம் பேர் இருந்தார்கள், ஆனாலும் தனிதான்.

அரக்கோணத்தில் இருக்கிற என் அண்ணன் மகனுக்கு ஏதாவது வாங்க வேண்டும். பிறந்த வீட்டுக்கு வாழாவெட்டியாகப் போனாலும் வெறும் கையோடு போக முடியாது. எனக்கு அந்த நேரத்திலும் ஒரு அற்ப சந்தோஷம், நான் ஓடிப் போகிற பயணத்துக்கு வேண்டிய சாமானை அவர் கையாலேயே வாங்க வைக்கிறேன் பார் என்று.

நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் சாக்கை விரித்துத் தகரக் குழல் விற்றுக்கொண்டிருந்தார். பழைய எண்ணெய் டின்னை வெட்டி, சுருட்டி, ஈயம் வைத்து ஒட்டி, ஆறு துளை போட்டது. விலை மலிவு. குட்டையாக, மெலிசாக, சிவப்பும் பச்சையும் சாயம் பூசினது ஒரு கும்பல். ஓரத்தில் முழ நீளத்துக்கு, சாயமே பூசாமல், டின்னில் அச்சடித்திருந்த எழுத்து பாதி தெரிய, ஒட்டின இடம் பிசிறாக, ஒரு நெட்டைக் குழல். அதை யாரும் கையில்கூட எடுக்கவில்லை.

நான் ஒரு சிவப்புக் குழலை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கி ஊதினார். கீச்சென்று வந்த சத்தத்தில் பக்கத்தில் நின்றவள் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டது. அவர் குழலை வாயிலிருந்து எடுத்தார். துளை வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். உள்ளங்கையில் ரெண்டு தட்டுத் தட்டினார்.

"இது ஊமை" என்றார் கடைக்காரரிடம். "அடச்சிகினு கீது. வேற குடு."

கடைக்காரர் பச்சையைக் கொடுத்தார். அதையும் ஊதினார். முன்னால் போன காவடிக்காரர் நின்று திரும்பிப் பார்த்தார். "இதுவும் காத்துதான் வருது" என்றார் என் கணவர். மூன்றாவதை இன்னும் பலமாக ஊதினார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏமண்டி, காலையிலேர்ந்து நூறு பேர் ஊதினாங்க. ஒருத்தரும் ஊமைன்னு சொல்லல. வாங்க இஷ்டம் இல்லன்னா வெச்சிட்டுப் போங்க. சாமி கொண்டாடுற நாள்ல பொருளுக்குக் குத்தம் சொல்லாதீங்க."

"நான் எதுக்குய்யா பொய் சொல்றேன்? ஊதினாத் தெரியலியா?"

எனக்கு மானம் போயிற்று. இந்தக் காசுக்கு இப்படி ஒரு பேரமா, இந்தக் குடும்பத்தின் கஞ்சத்தனத்துக்கு எல்லையே இல்லையா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவர் அந்த நெட்டைக் குழலை எடுத்தார். ஊதினார். தடித்த சத்தம், வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆங், இது ஊதுது பாரு" என்றார். விரலை ஒவ்வொன்றாக எடுத்து ஊதினார். கீழ்த்துளைகள் வரைக்கும் முகத்தில் சிரிப்பு இருந்தது. மேலே போகப் போகப் புருவம் சுருங்கியது. கடைசித் துளையைத் திறந்தபோது குழல் நன்றாகவே கத்தியது, அவர் அதை வாயிலிருந்து எடுத்துச் சந்தேகமாகப் பார்த்தார்.

நான் அந்த நெற்றியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பேரம் பேசுகிற நெற்றி அது இல்லை.

ஒரு காவடி மேளத்தோடு வந்தது, அவர் அந்தப் பக்கம் திரும்பினார். மேளம் தாண்டிப் போகிற வரைக்கும் இருந்தேன். பிறகு சிவப்புக் குழலை எடுத்து, அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் நின்று, என் பலத்தையெல்லாம் சேர்த்து ஊதினேன். கடைத்தெருவே என்னைப் பார்த்தது. ஒரு கல்யாணமான பொம்பளை நடுத்தெருவில் குழல் ஊதுகிறாளே என்று ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர் காவடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பைக் கீழே வைத்துவிட்டு நெட்டையை எடுத்தேன். எல்லாத் துளையையும் மூடிக்கொண்டு ஊதினேன்.

திரும்பினார். "இன்னா?" என்றார்.

கடைக்காரர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். கோபமெல்லாம் போய்விட்டது அவருக்கு. "ரெண்டையும் எடுத்துக்கோம்மா, ஒண்ணு விலை குடுத்தாப் போதும்" என்றார்.

அடிவாரத்தில் ஒரு சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். அம்மா சொன்ன இரண்டு புத்திமதியையும் மலையிலேயே விட்டுவிட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, வாயைத் திறந்து கேட்டேன்.

"எப்பத்திலேர்ந்து கேக்கல?"

அவர் கையிலிருந்த குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே" என்றார். "தடிச்ச சத்தம் கேக்கும், கீச்சு சத்தம் கேக்காது. யாராச்சும் பேசினா, பேசறது தெரியும், சொல்றது இன்னான்னு தெரியாது. வாயப் பாத்தாப் புரிஞ்சிடும். தறிக்காரன் அல்லாருக்கும் வாயப் பாத்துப் பேசற பழக்கம்தானே. ஒருத்தருக்கும் சந்தேகம் வரல."

"நான் பாடினதுக்குத் தலையாட்டினீங்களே?"

"நீ தலையக் குனிஞ்சிகினு இருந்த. வாயே தெரியல. முடிஞ்சிதா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அம்மாவின் சங்கீத ஞானப் பூரிப்பை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எங்கே அழுகையானது என்று தெரியவில்லை. கோபமும் வந்தது. இரண்டு வருஷம் ஒரு செவிட்டு மனிதரோடு கதவுக்குப் பின்னால் நின்று குசுகுசுவென்று குடும்பம் நடத்தியிருக்கிறேன். அடக்கமான மருமகள் என்று தெருவில் நல்ல பேர் வேறு. வாயை மறைக்க மறைக்க என் பேர் வளர்ந்தது, அவருக்கு நான் சொன்னது ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

"என்னாண்டயாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"பயம்தான்" என்றார். "அண்ணனுக்குத் தெரிஞ்சா தறிலேர்ந்து எறக்கிடுவான். இழை அறுந்தா சத்தத்துலதான் தெரியும்னு சொல்வாங்க. நான் தறிச் சட்டத்து மேல கைய வெச்சே கண்டுபுடிச்சிடுவேன். சொன்னா எவன் நம்புவான்? உனக்குத் தெரிஞ்சா நீ உங்க அம்மாவாண்ட சொல்லுவ. அப்புறம் செவிடன் தலைல கட்டிட்டாங்கன்னு பேச்சு வரும்."

"அது சரி. கேக்காமலேயே எல்லாத்துக்கும் எதுக்கு ஆங் ஆங்னீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இன்னா பெருசா கேட்டுடப் போற? பூவு வோணும்ப. அம்மாவப் பத்திக் குறை சொல்லுவ. உங்க நைனா வூட்டுக்குப் போவணும்ப. எதுவா இருந்தா இன்னா, உங்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வர்ல. அதான் ஆங்னுடறது."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவர் படித்துவிடுவார்.

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவர் கையிலிருந்த நெட்டைக் குழலைப் பார்த்தாள். "புள்ள இல்லாத வூட்ல ஊதல் எதுக்கு?" என்றாள். குத்துகிற இடம் பார்த்துக் குத்துவதில் அவளுக்குச் சமமாக அந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது. வழக்கமாக நான் ஒரு வாரம் அழுகிற வார்த்தை. அன்றைக்கு, "சாப்பாட்டுக்குக் கூப்பட அத்தை. உங்களுக்கு முட்டி வலி, அவ்வளோ தூரம் எதுக்கு எழுந்து வரணும்?" என்றேன். அவள் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் பஸ் ஏறுகிற வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தாள்.

சிவப்புக் குழல் அரக்கோணத்துக்குப் போயிற்று, எங்கள் நைனா வந்தபோது கொடுத்து அனுப்பினேன். அந்தப் பிள்ளை ஊதி ஊதிக் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கத் தூக்கம் கெட்டது என்று அண்ணி மூன்று கடிதத்தில் எழுதினாள். அதைத்தான் என் கணவர் அடைத்துக்கொண்டது என்று திருப்பிக் கொடுத்தார் என்று நான் அவளுக்கு எழுதவில்லை. எழுதினால் காரணம் கேட்பாள். பாவாவுக்கும் தெரியாது, மாமியாருக்கும் அவள் போகிற வரைக்கும் தெரியாது. அந்தக் கொட்டகையில் என் கணவர் அப்புறமும் வெகு காலம் தறி ஓட்டினார், சட்டத்தின் மேல் கையை வைத்து.

ஆனால் கிருத்திகைக்கு மறுநாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் நின்றேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கடைசித் தறியில் இருந்தார். எல்லாத் துளையையும் மூடி, நெட்டைக் குழலை ஊதினேன். சத்தம் தறிச் சத்தத்துக்கு அடியில் புகுந்து போயிற்று. எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் திரும்பினார்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, நான் கூப்பிட்டு என் புருஷன் திரும்பினார். தறியை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எதற்குக் கூப்பிட்டாய் என்று புருவத்தைத் தூக்கினார். எதற்கு என்று நான் யோசித்தே வைக்கவில்லை. திரும்ப மாட்டார் என்றுதான் ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியைக் காட்டி, பரண் மேல் ஏற்றி வைக்கச் சொன்னேன், முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து.

தூக்கினார். கனம் தெரிந்தது. "இன்னா இது, துணி அல்லாம் கட்டி வெச்சிருக்க? எங்க போற?" என்றார்.

நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். கதவைப் பார்த்துக்கொண்டு, என் பழைய மெல்லிசுக் குரலில், உண்மையை முழுக்கச் சொன்னேன். உங்களை விட்டுப் போக இருந்தேன் என்று சொன்னேன். நீங்கள் சரி என்றீர்கள் என்றும் சொன்னேன். இனிமேல் போக மாட்டேன் என்றும் சொன்னேன்.

பெட்டியைப் பரண் மேல் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"ஆங்" என்றார்.